துனாய்ப் பானை

என் துனாய்க்காரனுக்கு,

வெள்ளம் வாசல்வரை வந்துவிட்டது. வில்லோ மரத்துப் பஞ்சு அதன்மேல் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வீடே மெல்ல நகர்கிற மாதிரி இருக்கிறது.

ருமேனியக்காரி நான் இந்த ஆற்றைத் துனரியா என்பேன். உங்கள் ரஷ்யப் பேச்சில் நீ துனாய் என்பாய். ஒரே வாளித் தண்ணீரை இரண்டு பானைகளில் ஊற்றி, வண்டல் அடியில் தங்கக் காத்திருப்போம். "துனாய்தான் இனிக்கும். உன் துனரியாவை நீயே குடிடி" என்பாய். பதினெட்டு வருஷமாக ஒருவர் பானையை மற்றவர் தொட்டதில்லை.

நீ எடுத்துப்போன படகு மட்டும் திரும்பி வந்து நாளையோடு நாற்பது நாள். பக்கத்து வீட்டு அக்ரிப்பினா வந்தாள்.

"கோதுமையை வேகவை கண்ணு, கோயிலுக்குக் கொண்டுபோகணும்."

"அது செத்தவங்களுக்குத்தானே. அவனுக்கு எதுக்கு?"

"சரி, அவன் ஆத்மா தாகம் தீர அவன் பானையிலேர்ந்து ஒரு குவளை தண்ணியாவது அவன் பேரைச் சொல்லி எனக்குக் கொடு."

என் பானையிலிருந்துதான் கொடுத்தேன், உன் பேரையும் சொல்லவில்லை. குடித்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் உன் பானையில் மொண்டு குடித்தேன். இனிக்கவில்லை. என் தண்ணீர் மாதிரியேதான் இருக்கிறது. இத்தனை வருஷமும் பொய் சொல்லியிருக்கிறாய். வந்து, இல்லையென்று சண்டை போடு.

பானையை மறுபடி நிரப்பி வைத்திருக்கிறேன். காலைக்குள் தெளிந்துவிடும்.

உன் துனரியாக்காரி