ஏழு என்று நான் சொன்னது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரிக்குக் கை தானாகவே போகிறது, அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷருக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீடு இரண்டு அறை, போனை எடுத்தாலே அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் அவளுக்குக் கேட்கும். மூச்சுதான் குறைந்திருக்கிறது, காது இன்னும் பாம்புக்காதுதான். இப்போது ஆஸ்பத்திரியில் அவளைக் குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மடிதான் மேஜை என்று புரிந்துகொள். உன் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நடக்கிறாளோ இல்லையோ அதைப் பற்றிப் பேசுவது நிற்கவில்லை. மாடி வீட்டுத் தையல்காரர் மிஷினை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார், மேலே சத்தமே இல்லை. தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, ஆள் வருகிறேன் வருகிறேன் என்று இரண்டு வாரமாக வந்துகொண்டே இருக்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாதம் பிறந்ததும் அம்மாவுக்கு ரத்தம் எடுப்போம், ஞாயிற்றுக்கிழமை நீ போனில் நம்பர் என்னப்பா என்பாய், நான் சொல்வேன். சி.ஆர்.பி. பத்துக்குக் கீழே என்றால் நீ அங்கேயே இருக்கலாம், பத்தைத் தாண்டினால் கிளம்பி வரவேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டது நான்தான். ஒவ்வொரு இருமலுக்கும் நீ ஓடி வந்தால் கட்டாது, உடம்புக்குள் புண்ணோ வீக்கமோ இருந்தால் ஈரல் இந்த சி.ஆர்.பி. என்கிற புரதத்தை ரத்தத்தில் கொட்டிவிடும், மனுஷர் பொய் சொல்லுவார், ரத்தம் சொல்லாது என்று பெரிய பிரசங்கம் செய்தேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவன் பேச்சு ஆயிற்றே, நீயும் கேட்டுக்கொண்டாய், அம்மாவும் கேட்டுக்கொண்டாள். அவள்தான் நன்றாகக் கேட்டிருக்கிறாள்.

இந்த ஐந்து மாதமாக ஆறு, நாலு, ஏழு, ஐந்து, ஐந்து என்று நம்பர் வந்தது உனக்குத் தெரியும். அதே ஐந்து மாதத்தில் அவள் தலை வாரும்போது கையை நடுவில் இறக்கி இளைப்பாறத் தொடங்கினாள். அடுப்படியிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் ஒரு தடவை சுவரைப் பிடித்து நின்றாள். ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துத்தான் பேச முடிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, ரிப்போர்ட்டைக் காட்டி நம்பர் ஜம்மென்று இருக்கிறது, உனக்குச் சோம்பேறித்தனம், நாலு தெரு நடந்து வா என்று விரட்டினேன். அவளும் மறு பேச்சுப் பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் வந்தாள். மெத்தைப் பட்டறையில் பஞ்சு பிரித்துப் பிரித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவள் அவள், அந்தப் பட்டறையில்கூட இந்த மாதிரி யாரும் அவளை விரட்டியிருக்கமாட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் லேப்பில் இப்போது என் நாற்காலியில் இருக்கும் அம்மாள் கூப்பிட்டாள், நீ பார்த்திருக்கிறாய், கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே கண்ணாடி தேடுகிறவள். கொஞ்சம் தயங்கித் தயங்கி, சார், வீட்டம்மா ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறாங்களா என்று கேட்டாள். இல்லையே என்றேன். அஞ்சு மாசமாவே ஈஸினோபில் பூஜ்யம் சார், வெள்ளை அணு மட்டும் ஏறியே இருக்கு என்றாள். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். வெள்ளை அணுவில் ஐந்து வகை உண்டு, அதில் ஆரஞ்சு நிறப் பொடி தூவியது போல் இருப்பது ஈஸினோபில். ஸ்டீராய்டு மாத்திரை உள்ளே போனால் அது ரத்தத்தில் காணாமல் போய்விடும், சி.ஆர்.பி.யும் இறங்கிவிடும், மற்ற வெள்ளை அணு ஏறும். ஆரம்பப் பாடம் இது. முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் நானே கவுண்டரில் நின்று இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். இங்கே ஐந்து தாளிலும் அந்தப் பூஜ்யம் கண்ணுக்கு எதிரே இருந்தது. நான் சி.ஆர்.பி. வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன், ஏனென்றால் நான் தேடியது அந்த ஒரு வரியைத்தான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், லேப்காரன் பெண்டாட்டிக்கும் ஒரு பழமொழி இருந்திருக்க வேண்டும்.

அவளிடம் போய்க் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. மூச்சு முட்டினால் மட்டும் போடுங்கள் என்று டாக்டர் வீட்டில் வைத்துக்கொள்ளக் கொடுத்த மாத்திரையை, ரத்தம் எடுப்பதற்கு நாலு நாள் முன்னாலிருந்து போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். தீர்ந்தபோது பழைய சீட்டைக் காட்டி மூலை மருந்துக்கடையில் வாங்கியிருக்கிறாள், லேப்காரர் வீட்டம்மா ஆயிற்றே என்று கடைக்காரரும் கேள்வி கேட்கவில்லை. இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன். நீங்கதான், சாப்பிடும்போது லேப் கதை சொல்லுவீங்களே என்றாள். பிறகு சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "நம்பர் ஏறினா அவ வந்துடுவா. போன தடவை மூணு வாரம் வந்து இருந்ததுல வேலை போச்சு, ஏழு மாசம் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி இப்பத்தான் இந்தக் கப்பல் கம்பெனியில சேர்ந்திருக்கா. எனக்கு இது சரியாகப் போற வியாதி இல்ல. சரியாகாததுக்கு அவ ஏன் ரெண்டாவது தடவை வேலையை விடணும்." சொல்லிவிட்டு மடித்த துணியை அலமாரியில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். வைத்தேன்.

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை, என்னைத்தான் பார்த்தாள். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று படிப்படியாகக் குறைத்தார்கள். இந்த மாத ரத்தத்தை வெள்ளிக்கிழமை எடுத்தோம். உள்ளே கிருமி பல மாதமாகவே கனன்றுகொண்டிருந்திருக்கிறது, மாத்திரை அதை மூடி வைத்திருக்கிறது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். போன வருஷம் பாதியாவது இருந்த நுரையீரல் பலம் இப்போது மூன்றில் ஒரு பங்குகூட இருக்குமா என்று சந்தேகம், அதைப் பார்க்கத்தான் இன்று உள்ளே போயிருக்கிறாள். வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் வந்துவிட்டது, மூக்கில் குழாயோடு பதினைந்து மணி நேரம் இருக்கவேண்டும், குழாய் அடுப்படி வாசல்வரைதான் எட்டுகிறது, அதனால் சமையல் நான். உப்புப் போட்டேனா என்று எனக்கே நினைவிருப்பதில்லை, அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறாள். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, அடுத்த சளியை இவங்க தாங்குவாங்களான்னு என்னால சொல்ல முடியலை, சொல்ல வேண்டியவங்களுக்கு இப்பவே சொல்லிடுங்க என்றாள்.

அழுகை வரவில்லை பாப்பா. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் யாருடையதோ போல இருக்குமே, அப்படி இருக்கிறது எல்லாம். பால் வாங்குகிறேன், மிஷினின் தண்ணீர்க் குப்பியைக் கழுவுகிறேன், அவள் நகத்தின் நிறத்தைப் பார்க்கிறேன், செய்தித்தாளை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைமணி உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தேன். நீ நம்பர் என்னப்பா என்றாய். அவள் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்தாள், தலையைக்கூட ஆட்டவில்லை, வெறுமே பார்த்தாள். நான் ஏழு என்றேன். நீ அப்பாடா என்று சிரித்தாய். போனை வைத்ததும், நல்லாச் சொன்னீங்க என்றாள்.

அது பொய். முப்பத்தோரு வருஷத்தில் நான் தெரிந்தே கொடுத்த ஒரே தப்பான ரிப்போர்ட் அது, அதையும் உனக்குக் கொடுத்தேன். லேப்பில் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, பழைய எண் தெரியும்படி ஒரே ஒரு கோடு இழுத்து, சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போடவேண்டும். அப்படியே போட்டுக்கொள்: ஏழு இல்லை, நாற்பத்தாறு. கையெழுத்து, அப்பா.

வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, விடாதே என்று சொல்லவும் வரவில்லை. முதலில் உன் மேலதிகாரியிடம் மறைக்காமல் சொல்லி லீவு கேட்டுப் பார். கொடுத்தாலும் வா, கொடுக்காவிட்டாலும் வா. அம்மா உன்னை வரவேண்டாம் என்கிறாள், அது அவள் சொல்கிற வார்த்தை. அவளுக்காகக் கூப்பிட்டால் அவள் பேச்சை மீறினதாகும், அதனால் எனக்காகக் கூப்பிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் மூச்சை எண்ணிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. இந்தக் கடிதம் வந்ததாக அவளிடம் மூச்சுவிடாதே, வேறு ஏதாவது சாக்குச் சொல், நம்பமாட்டாள், சும்மா இருப்பாள்.

நீ எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் வாழவேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி, அவளைக் கேட்காமலே எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. வழியில் யாராவது இருமினால் எழுந்து வேறு இடத்தில் உட்கார், முகத்தை மூடிக்கொள், உனக்கே சளி இருந்தால் ஆறும்வரை பொறுத்து வா. செண்ட் எதுவும் பூசிக்கொண்டு வராதே, இப்போதெல்லாம் அவளுக்கு வாசனையே ஆகிறதில்லை, உன்னைக் கட்டிக்கொள்ளும்போது இருமல் வந்து விட்டுவிடப்போகிறாள்.

உன் வருகையைப் பார்த்திருக்கும்,
அப்பா