தறி அறைக்கு வந்த கொத்தனார்

கைரவான்,
பெருநாள் கழிந்த வாரம்.

லியோன் நகரத்தில் ஊரார் வீட்டுக் கூரைகளையெல்லாம் பழுதுபார்த்துப் பெயர் வாங்கியிருக்கும் லஸ்ஹர் அவர்களுக்கு, வசீலாவின் தாய் நஸீஹா எழுதுவது. சலாம். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். பூச்சு வேலை முடித்த வீட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று போட்டோ எடுத்து அனுப்பியிருந்தீர்களே, வந்து சேர்ந்தது. நல்ல கூரை.

இங்கே தறி அறையின் கூரை விழுந்துவிட்டது. வசீலா உள்ளே இருந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை போய்விட்டது. கை இருக்கிறது, விரல்கள் மடங்காது. இனிமேல் இவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடிதத்தின் நடுவில் வைத்தால், மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று நீங்கள் மடித்து வைத்துவிடுவீர்கள்.

மழைக்காலத்தில் நடந்ததை இப்போது எழுதுவதற்குக் காரணம் உங்கள் மகள்தான். "அப்பாவுக்கு எழுதாதம்மா, அங்க தனியா கிடக்காரு, மனசு ஒடஞ்சு போயிடும்" என்று கட்டுப்போட்ட கையோடு என்னிடம் கெஞ்சினாள். இத்தனை நாள் அவளுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. உங்கள் மனசு உடையட்டும், எனக்கு ஒன்றும் இல்லை.

அந்த விட்டத்தில் விரிசல் கண்டது வசீலாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம். நினைவிருக்கிறதா? இருக்காது. ஒவ்வொரு கோடையிலும் நீங்கள் வந்து, அண்ணாந்து பார்த்து, "தறியில பாவு ஏத்தி வெச்சிருக்கியேடி, பாதியில தறியை நகத்தினா வீட்டுக்கு ஆகாதே, கம்பளம் இறங்கட்டும் பாத்துக்கலாம்" என்பீர்கள். தொழுகைக்கே நேரம் தவறுகிறவருக்கு அந்த ஒரு சாஸ்திரம் மட்டும் மறக்காது. ஒரு வருஷம் கண் எரிய எரிய முடிச்சுப் போட்டு, நீங்கள் வருவதற்குள் கம்பளத்தை அறுத்து இறக்கி, தறியைக் காலியாக நிறுத்தி வைத்தேன். அன்றைக்கு என்ன சொன்னீர்கள்? "இந்த வெயில்ல பூசினா வெடிச்சிடும்டி, இதுகூடத் தெரியாதா உனக்கு?" சொல்லிவிட்டுக் காபிக்கடைக்குப் போனீர்கள்.

அதே கடையில்தான் அந்தச் சத்தியத்தையும் செய்தீர்கள். நம் தெருக் கொத்தனார் அம்மார், ஐயோ பாவம், நல்ல எண்ணத்தில் கேட்டார், நான் வேணா பார்த்துத் தரட்டுமா என்று. உங்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பிரான்ஸ்காரனுக்கே பூசிக் கொடுக்கிற லஸ்ஹர் வீட்டில் இன்னொருத்தன் கரண்டி பிடிப்பதா? "என் வீட்டு விட்டத்துல வேற எவன் கையாவது பட்டா நஸீஹா எனக்கு தலாக்" என்று மேஜையைத் தட்டினீர்கள். எல்லாரும் சிரித்தார்களாம். நீங்கள் கப்பலேறிவிட்டீர்கள், சத்தியம் இங்கேயே தங்கிவிட்டது. அதன்பிறகு எந்தக் கொத்தனார் நம் வாசற்படி மிதிப்பான்? கோர்ட்டில் அந்தப் பேச்சு செல்லாது என்கிறார்கள். தெருவில் செல்லும், நான் தெருவில்தான் குடியிருக்கிறேன்.

போன கோடையில் பெரிய மனசு பண்ணி அந்த நீல பிளாஸ்டிக் பாயைக் கொண்டுவந்து விட்டத்துக்குக் கீழே ஆணியடித்தீர்கள். "அசல் பிரான்ஸ் சரக்கு, ஒரு சொட்டு ஒழுகாது பாரு." அண்டை வீட்டுப் பெண்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உண்மைதான், ஒரு சொட்டு ஒழுகவில்லை. இந்த மழைக்கு அறை காய்ந்து கிடந்தது. நானும் வசீலாவும் உங்களைப் புகழ்ந்துகொண்டே வேலை செய்தோம், முட்டாள்கள். தண்ணீர் முழுக்க அந்தப் பாய்க்குள் தேங்கி, நிறைமாத வயிறு மாதிரி தொங்க ஆரம்பித்தபோதும் ஆணியடித்த இடம் தளர்ந்திருக்கிறது என்றுதான் நினைத்தோம். மேலே விட்டம் ஊறி நைந்துகொண்டிருந்தது யார் கண்ணில் பட்டது? ஒழுகியிருந்தால் நாங்கள் வெளியே ஓடியிருப்போம்.

நான் முற்றத்தில் கம்பளி அலசிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். தறியின் மேல்கட்டை விட்டத்தைத் தாங்கிக்கொண்டது, தலை தப்பியது. பாவு நூலில் இருந்த கை தப்பவில்லை. அவளுடைய கல்யாணக் கம்பளம்தான் அது.

கல்யாணம் என்றதும் மன்னூபியா சம்பந்தியம்மா ஞாபகம் வருகிறது. ஒரு தட்டு மக்ரூத் பலகாரம் எடுத்துக்கொண்டு வந்தாள். அழுதாள், நன்றாகவே அழுதாள். பிறகு கட்டைப் பிரிக்கச் சொல்லி, சந்தையில் ஆட்டுத்தொடையைத் திருப்பிப் பார்ப்பது போல என் பெண்ணின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க வீட்லயும் தறி இருக்கே நஸீஹா, நான் என்ன பண்ணட்டும் சொல்லு" என்றாள். பெருநாளுக்கு மாப்பிள்ளை வீட்டுச் சீர் வரவில்லை. மோதிரத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஆள் வந்தது. மாப்பிள்ளை ஹம்மாதி இப்போது வேறு தெரு வழியாக வேலைக்குப் போகிறான். வசீலா அவர்கள் மேல் தப்பில்லை என்கிறாள். உங்கள் மேலும் தப்பில்லையாம். இந்தப் பிள்ளைக்கு யாரைத் திட்டவும் நான் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

சீர் வராமல் போன மறுநாள் காலையில் அம்மாரைக் கூப்பிட்டு அனுப்பினேன். வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, லஸ்ஹர் போட்ட சத்தியம் இருக்கே" என்று தயங்கினார். "அது தெரிஞ்சுதான் கூப்பிட்டேன், ஏறு மேல" என்றேன். தெருவே கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன். பழைய விட்டத்தைக் கழற்றி, புதியதை ஏற்றி, பூசி, சுண்ணாம்பும் அடித்து, அஸர் தொழுகைக்குப் போய்விட்டார். லஸ்ஹர், ஒரு பகல் வேலை அது. ஒரே ஒரு பகல்.

ஆகவே உங்கள் வாக்குப்படி நான் இப்போது உங்கள் மனைவி இல்லை. இமாமைப் போய்ப் பார்த்தேன். கோபத்தில் சொன்னதென்றால் பரிகாரம் உண்டு, கணவரை எழுதச் சொல் என்றார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் எழுத வேண்டாம். கம்பளத்தில் மிச்சமிருந்த ஒரு சாணை நானே முடித்து, தனியாகவே அறுத்து இறக்கினேன். கம்பளம் இறங்கினால் இடுகிற குலவையை ஒருத்தியும் இடவில்லை, நானும் யாரையும் கூப்பிடவில்லை.

ஆகஸ்டில் நீங்கள் வருவீர்கள் என்று உங்கள் மகள் நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், நீங்கள் அவளோடு இருந்துவிட்டுப் போங்கள். உங்களுக்குச் சாப்பாடு போட இப்போதே பழகுகிறாள். ரொட்டியை இடது கையால்தான் தருவாள். சின்ன வயதில் அந்தக் கையால் சாப்பிட்டதற்கு நீங்கள் அவளை அறைந்தது அவளுக்கு மறக்கவில்லை. நீட்டும்போதே கண்ணை மூடிக்கொள்கிறாள். முகத்தைச் சுளிக்காதீர்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் உங்களைச் சுகமாக வைக்கட்டும்.

நஸீஹா