எட்டாம் அத்தியாயத்தில் நான்

அன்புள்ள மச்சான்,

உன் நாவலை இரண்டு தரம் வாசித்துவிட்டேன். கொலிஜ் சஞ்சிகையில் நீ எழுதிய காலத்திலிருந்தே நான் உன் ரசிகன், குறை பிடிக்க மனம் வராது. லண்டன் குளிரை இவ்வளவு பகிடியாக, சிரிக்கச் சிரிக்க வேறு ஒருவரும் எழுதியதில்லை. காதல் பகுதி மட்டும் சவசவ என்று இழுக்கிறது.

எட்டாம் அத்தியாயம்தான் உச்சம். என்னை வைத்து நீ எழுதிய அந்தக் கூட்டாளியைச் சோதனைச் சாவடியில் ஆமி சுடுகிறது. கதாநாயகன் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவந்து, அவன் தலையை மடியில் வைத்து அழுகிறான். பெற்றோல் ஸ்டேசன் கவுண்டரில் இருந்து வாசித்த நானும் அழுதுவிட்டேன்.

ஆனால் மச்சான், அன்றைக்கு என்னைச் சுடவில்லையே. பிடித்துக்கொண்டுதானே போனார்கள். "இவனைத் தெரியுமா?" என்று உன்னைக் கேட்டார்கள். "தெரியாது" என்றாய். துவக்குக்கு முன்னால் நிற்கிற எவனும் அப்படித்தான் சொல்லுவான். அதற்காக நான் உன்னைக் கோபித்ததே இல்லை. பிறகு ஆமிக் காம்பில் நடந்ததை எழுத உன்னைப் போல எனக்கு நடை வராது, விடு.

போன சனிக்கிழமை இங்கே லண்டன் எட்மண்டனில் நடந்த வெளியீட்டு விழாவுக்கு நானும் வந்திருந்தேன். வரிசையில் நின்று புத்தகத்தை நீட்டினேன். நீ நிமிர்ந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தாய்.

"என்ன பேர் எழுத, அண்ணை?"

முன்பல் இல்லாத வாயைப் பொத்திக்கொண்டு, "பேர் வேண்டாம், கையெழுத்து மட்டும் காணும்" என்றேன்.

அன்றைக்குத் தெரியாது என்று நீ சொன்னது பொய். சனிக்கிழமை உனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

இப்படிக்கு,
கொலிஜில் உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன்