தொண்டைக்கு ஒரு ஜெபம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் சுகம்தானே?

விடுதித் தேர்தலில் நம் கொள்கைப்படி ஜெபக் குழுவை எதிர்த்து நின்றேன். கடைசிப் பேச்சுக்கு முந்தின நாள் காய்ச்சலில் தொண்டை கட்டிவிட்டது. சாதாரணக் காய்ச்சல்தான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நம் தோழர்கள் "ஓய்வெடுங்க தோழர்" என்று செய்தி அனுப்பினார்கள். அறைக்கு வந்தது ஜெபக் குழு மட்டும்தான், வெந்நீர் பிளாஸ்க்கும் கிதாருமாக. என்னை எதிர்த்து நின்றவனே என் தலையில் கை வைத்தான்.

"ஆண்டவரே, பிரதருக்கு நாளைக்குக் குரல் குடுங்கப்பா. எங்களைத் திட்டணும்னு பாவம், ராத்திரி பகலா எழுதி வச்சிருக்காரு."

மறுநாள் குரல் வந்தது. மாத்திரையும் போட்டிருந்தேன் என்பதை உங்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். நீங்கள் சங்க மேடையில் பேசுவதைப் போலவே, மதத்தை வைத்து ஓட்டுக் கேட்பதைக் கிழிகிழியென்று கிழித்தேன். முதல் வரிசையில் அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்கள் ஜெபத்தை ஆண்டவர் கேட்டுவிட்டாராம். ஜெயித்ததும் அவர்கள்தான்.

அவர்களுடைய அரசியல் எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை. ஆனால் ஜெயித்த பிறகும் கதவைத் தட்டி நலம் விசாரிக்கிற கட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு சிறு உதவி. "வேற எதுக்காவது ஜெபிக்கணுமா பிரதர்?" என்று கேட்டபோது, மரியாதைக்காக உங்கள் முழங்கால் வலியைச் சொல்லிவிட்டேன். வாராவாரம் விசாரிக்கிறார்கள். வலி குறைந்திருந்தால் எழுதுங்கள். தைலத்தால்தான் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். குறையாவிட்டாலும் எழுதுங்கள். வீட்டைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் இங்கே அவர்கள் மட்டும்தான்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்