மிச்சமிருந்த சிறுநீரகத்தில் ஒரு கல்

அக்கா,

இன்று காலை ஸ்கேன் அறையில் என் வலது அடிவயிற்றில் அந்தக் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். சில்லென்றதும் உன் முகம் வந்துவிட்டது. வருடா வருடம் நடக்கும் சோதனைதான். திரையைப் பார்த்த பெண், "கிட்னி நல்லா வேலை செய்யுதும்மா. யாரு குடுத்தாங்க?" என்று கேட்டாள். "எங்க அக்கா" என்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தபோது, மாமா தயங்கியும் கேளாமல் உன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாய். பத்து வருடம் போயிருக்கும். கீழ்பென்னாத்தூரில் கடலைக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாய் என்று மாமா என் அலுவலகத்துக்கு போன் செய்தார். வேங்கிக்காலிலிருந்து கிடைத்த வண்டியில் ஏறி வந்தேன். படம் எடுத்துப் பார்த்தார்கள். உன்னிடம் மிச்சமிருந்த ஒரே சிறுநீரகத்தில் பெரிய கல்.

வேலூருக்குக் கொண்டுபோனோம். அங்கே மருத்துவர் மூன்று வழி சொன்னார். வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை நொறுக்குவது ஒன்று. கத்தியே கிடையாது, துகள்கள் சிறுநீரோடு வெளியேறும். சிறுநீர் வரும் பாதையிலேயே மெல்லிய குழாயை மேலே அனுப்பி உடைப்பது இன்னொன்று. காயம் இருக்காது, ஆனால் இவ்வளவு பெரிய கல்லுக்குப் பலமுறை செய்ய வேண்டிவரும். மூன்றாவது, முதுகில் விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, நேரே கல்லை அடைந்து உடைத்து எடுப்பது.

மாமா உடனே, "கத்தி வேணாங்க, அந்த அலையே வைங்க. ஏற்கெனவே ஒருவாட்டி அறுத்த உடம்பு" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நீ மட்டும், "ஒவ்வொண்ணும் தப்பாப் போனா என்னாகும்? அத சொல்லுங்க டாக்டர்" என்றாய்.

அவர் மறைக்கவில்லை. நொறுங்கிய துகள்கள் பாதையை அடைத்துக்கொண்டால் சிறுநீரே நின்றுவிடும். மற்றவர்களுக்கு இன்னொரு சிறுநீரகம் தாங்கும், உனக்கு அது இல்லை. துளை போட்டால் ரத்தப்போக்கு வரலாம். எப்போதாவது அது நிற்காமல் போனால் சிறுநீரகமே போய்விடலாம். ஆனாலும் இந்த அளவுக் கல்லுக்குத் துளைதான் ஏற்றது என்றார்.

"ரத்தம் வந்தா நீங்க பக்கத்துல இருப்பீங்க. வூட்ல இருக்கறப்ப அடைச்சுக்கிச்சுன்னா யாரு இருக்கா? துளையே போடுங்க" என்றாய்.

உன்னை உள்ளே கொண்டுபோனபிறகு மாமாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் பார்வை என் வயிற்றில் விழுந்து விலகியது. அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மருத்துவர் வெளியே வந்தார். "பாதிக் கல்ல எடுத்துட்டோம். ரத்தம் ஜாஸ்தியா வந்துச்சு, அதனால நிறுத்திட்டோம். முதுகுல குழாய் வச்சிருக்கோம். இனிமே பாத்துதான் சொல்லணும்."

கட்டிலோரம் தொங்கிய பையில் சிறுநீர் ரத்தமாகவே இறங்கியது. கட்டிலின் இருபுறமும் நின்று நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று சொட்டுவதும் நின்றது. நான் போட்ட கூச்சலில் செவிலியர் ஓடி வந்து, குழாயை அடைத்திருந்த ரத்தக்கட்டியைக் கழுவி விட்டார். மறுபடி இறங்கியது. நீ கண் திறந்து என் கையைப் பிடித்தாய்.

"ஏண்டி அழுவுற? இது நின்னாலும் உங்கிட்ட ஒண்ணு ஓடுது இல்ல?"

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். பிறகு வெளியே போய், எனக்கு டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார்.

சிறுநீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. சில நாள் விட்டு, அதே துளை வழியாக மிச்சக் கல்லையும் எடுத்தார்கள். அதன்பின் பல வருடம் நன்றாக இருந்தாய். பேத்தியைத் தூக்கிக்கொண்டு பௌர்ணமிக்கு மலை சுற்றினாய். கடைசியில் உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு.

உன்னைத் தூக்கும் முன் மாமா என்னருகே வந்து, "உடம்பப் பாத்துக்கம்மா" என்றார். ஆண்கள் உன்னைக் கொண்டுபோனார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். உன்னில் ஒரு பங்கு மட்டும் என்னோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது.