மூடியைத் தொடாத போல்ட்

என் சோல்டரிங்கில் ஆயுசு பூராவும் குற்றம் கண்டுபிடித்த பிலோ அக்காவுக்கு,

பாடுகிறது அக்கா! நம்ம ஆம்ப்ளிஃபையர் பாடுகிறது! உன்னிடம் உடனே சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன், தாளில் கறை பட்டிருந்தால் திட்டாதே.

பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நான் பற்றவைப்பேன், நீ பரிசோதிப்பாய். ஊர் உலகத்துக்கெல்லாம் ரேடியோ செய்து அனுப்பினோம். நமக்கென்று ஒன்றுகூடச் செய்துகொள்ளவில்லையே என்று ரிட்டயர் ஆன பிறகுதான் உறைத்தது. அருள் அண்ணனின் பழைய ஸ்பீக்கர்கள் உன் வீட்டு ஹாலில் மணி பிளான்ட் தொட்டிக்கு ஸ்டூலாக நின்றுகொண்டிருந்தன. "பாவம்லா, என் வீட்டுக்காரரு நல்லா பாட்டுக் கேக்கட்டும். நாமளே ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்வோம்டி" என்று ஆரம்பித்துவைத்தது நீதான்.

டிரான்ஸ்ஃபார்மர் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? செம்புக் கம்பி சுற்றிய கனமான வளையம், நடுவில் ஓட்டை. பெட்டியைப் பிரித்ததும், "என்னடி ராஜி, லிட்டில் இந்தியா வடைய இரும்புல சுட்டு அனுப்பியிருக்கான்!" என்று நீ சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்கப்புறம் நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. வடை பெட்டியிலேயே கிடந்தது. ஏன் அக்கா அப்படி அவசரமாகப் போனாய்?

அருள் அண்ணன் ஆம்ப்ளிஃபையர் பேச்சையே எடுக்க விடவில்லை. "பிலோ செக் பண்ணாத கரண்டு சாமான் இந்த வீட்டுல ஓடாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். போன வாரம் என்னடாவென்றால், ஸ்பீக்கர்களைப் பழைய சாமான்காரரிடம் கொடுக்கப்போகிறேன் என்றார். எனக்கு வந்ததே கோபம்! "ஞாயித்துக்கிழம கொண்டு வரேண்ணே. ஓடலேன்னா நானே கீழ தூக்கிட்டுப் போய்க் குடுக்குறேன்" என்றேன். வாய் பேசிவிட்டது. ஆம்ப்ளிஃபையரை வைக்கிற இரும்புப் பெட்டிக்கு மூடிகூட அப்போது வாங்கியிருக்கவில்லை.

ஆடுகிற சாமானைக் கண்டால் உனக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாதா? டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் ஒரு ரப்பர், மேலே ஒரு ரப்பர், அதன்மேல் இரும்புத் தட்டு, நடு ஓட்டை வழியாக ஒரு போல்ட் என்று பெட்டியின் தரையோடு சேர்த்துப் பிடித்தேன். கையில் இருந்ததிலேயே நீளமான போல்ட்டாகப் பார்த்துப் போட்டேன். எர்த் ஒயரைத் தனி நட்டில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, பெட்டியோடு இறுக்கினேன். என் வேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

இன்று காலை அண்ணன் சர்ச்சில் பூசை முடிந்து வந்து கோப்பி கலக்கினார். சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்துவிட்டு, "பத்தவச்ச கை செக் பண்ணக் கூடாது, எங்க ஃபேக்டரி லைன் சட்டம். நீங்கதாண்ணே பாக்கணும்" என்றேன்.

"நானா? பல்பு மாத்தவே நான் பிலோவத்தானே கூப்புடுவேன்!"

விடவில்லை. மீட்டரைக் கையில் திணித்தேன். ஒரு முனையைப் பிளக்கின் எர்த் கம்பியில், மறு முனையைப் பெட்டியில் என்று காட்டினேன். பீப் என்று கத்தியது, எர்த் பாஸ்! மனுஷன் துள்ளிவிட்டார். அப்புறம் நான் சொல்லாமலே இன்னொரு மூலையில் வைத்துப் பார்த்தார், இன்னொரு மூலையிலும். குழந்தை மாதிரி சிரித்தார் அக்கா.

கரண்டை நேராகக் கொடுக்காமல் இடையில் ஒரு குண்டு பல்பைக் கோத்திருந்தேன். உள்ளே கோளாறு என்றால் பல்பு பளிச்சென்று எரியும், இல்லையென்றால் மங்கிவிடும். சுவிட்சைத் தட்டினேன். ஒரு மினுக்கு, மங்கிவிட்டது. பாஸ்! பிளக்கைப் பிடுங்கி, மூடியைப் போட்டு, திருகாணிகளை இறுக்கி மறுபடி தட்டினேன். பல்பு பளீரென்று எரிந்தது. பெட்டி உறுமியது.

மூடியைத் திறந்தால் பல்பு மங்குகிறது. மூடினால் எரிகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பற்றவைத்த இடங்களையெல்லாம் குடைய ஆரம்பித்தேன். அண்ணன் எழுந்து போய் ஸ்பீக்கர் மேலிருந்த தொட்டியைக் கீழே இறக்கினார். பழைய சாமான்காரருக்குத் தயார் செய்கிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கிருந்தே திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"ராஜி, கடைசியா உன் கை என்ன செஞ்சிச்சு?"

அக்கா! உன் கேள்வி! லைனில் ஒரு சாமான் கெட்டுப்போனால் அதைத் தொடாமல் முதலில் இதைத்தானே எங்களிடம் கேட்பாய்? வீட்டிலுமா கேட்டாய்? "கறியில உப்பு கூடிப்போனாலும் என்னைய இதத்தான் கேப்பா" என்றார் அண்ணன்.

கடைசியாக என் கை மூடியைத்தான் மூடியது. எடுத்துப் புரட்டினேன். உள்பக்கம், நட்ட நடுவில், பளபளவென்று ஒரு சின்னப் பள்ளம். என் நீள போல்ட் மேலே முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது! போல்ட், மூடி, பக்கச்சுவர், தரை நாலும் சேர்ந்து கம்பிச்சுற்றுக்குள் நுழைந்து வெளியே வரும் ஒரு முழு வளையமாகிவிட்டன. டிரான்ஸ்ஃபார்மர் தன் பலத்தையெல்லாம் அந்த வெட்டி வளையத்திலேயே கொட்டியிருக்கிறது. பல்பு மட்டும் குறுக்கே இல்லாவிட்டால் சூடேறிப் புகைந்திருக்கும். ஆடக் கூடாது என்று போட்ட போல்ட்டே ஆளை முடித்திருக்கும்.

போல்ட்டைக் கழற்றி, பால்கனியில் வைத்து ரம்பத்தால் அறுத்தேன். திருப்பி மாட்டியதும் அண்ணன் பெட்டியின் விளிம்பில் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, போல்ட் முனைக்கும் அதற்கும் நடுவே தன் விரலை விட்டுப் பார்த்தார். "என் விரல் தாராளமா போவணும். இல்லேன்னா பாஸ் கெடையாது" என்றார். உன்னைவிடக் கறார்!

மூடினோம். பல்பு மினுக்கி மங்கியது. பல்பை எடுத்துவிட்டு நேராகவே கரண்டு கொடுத்து, அண்ணன் தொட்டியை இறக்கித் தயாராக வைத்திருந்த ஸ்பீக்கரை மாட்டினேன். துளி இரைச்சல் இல்லை. ஓடுகிறதா இல்லையா என்று அண்ணன் ஸ்பீக்கரில் காதை வைத்த நேரம் பார்த்துப் பாட்டைப் போட்டேன். அலறிக்கொண்டு பின்னால் போனார்! அடுத்த பாட்டை அவரே போட்டார். மீன் கழுவும்போது நீ வார்த்தையை மாற்றி மாற்றிப் பாடுவாயே, அது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டினார். உனக்குக் கேட்டதா?

பழைய சாமான்காரர் அப்போது பார்த்துப் போன் செய்தார். அண்ணன் பாட்டைக் குறைக்காமலே கத்தினார்: "இல்ல தம்பி, வராதீங்க! ஸ்பீக்கர் குடுக்கல. எங்க வீட்டம்மா செக் பண்ணிட்டா, நல்லா ஓடுது!"

அடுத்தது என் வீட்டுக்கு ஒன்று செய்யப்போகிறேன். பரிசோதிக்க அண்ணன் வருகிறார், பேசிவிட்டேன். மூடியை மூடியதும் என் கையிடம் உன் கேள்வியைக் கேட்காமல் சுவிட்சைத் தொட மாட்டேன். இது சத்தியம் அக்கா.

நீ இல்லாமல் எதையும் பாஸ் செய்யாத
உன் தங்கச்சி ராஜி