திரும்பிப் பார்ப்பானா?

ஜூன் 3, செவ்வாய்

காலையில் பேத்தி பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள், "பாட்டி, எனக்கு ஆஸ்பெர்ஜர்."

என் காதில் ஆஸ்பத்திரி என்று விழுந்தது. கையிலிருந்த பாத்திரம் சரிந்து அடுப்பெல்லாம் பால். "எந்த ஆஸ்பத்திரிடீ? யார் கூட்டிட்டுப் போறா?" என்று கத்திவிட்டேன். நுரை வாயோடு சிரித்தாள். வியாதி இல்லையாம், மூளையில் அது ஒரு தினுசாம். போனில் ஐம்பது கேள்விக்குப் பதில் போட்டுக் கண்டுபிடித்தாளாம்.

அடுப்பை மூன்று தரம் துடைத்தேன்.

ஜூன் 4

பேத்திக்கு இருபத்தாறு வயது. பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிற வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். கூட்டம் ஆகாது. மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துவாள். முகம் பார்த்துப் பேச மாட்டாள். இருந்துவிட்டுப் போகட்டுமே, இதற்கு ஒரு பேர் வேண்டுமா?

அவள் போனில் ஒரு கூட்டமே இருக்கிறது. எனக்கும், எனக்கும் என்று. ஒருத்தி அந்தப் பேரைச் சட்டையில் குத்திக்கொண்டு நிற்கிறாள். சந்தோஷமாக! என் தம்பிக்கு அந்தக் காலத்து டாக்டர் குத்தின பேரை—

இன்றைக்கு வேண்டாம்.

ஜூன் 7

"இப்ப எல்லாருக்கும் இது ஒரு ஃபேஷன் அத்தை. ரெண்டு மாசத்துல வேற ஏதாவது பிடிச்சுப்பா" என்றாள் மருமகள். பன்னிரண்டு வருஷம் முன்னால், மார்ச் ஒன்பதாம் தேதி, என் மூக்குக்கண்ணாடியை மிதித்துவிட்டு "அங்க ஏன் வச்சீங்க?" என்று கேட்டவள் இவள். ஆனாலும் இன்று இவள் வாயில் சர்க்கரை போடலாம் போலிருந்தது.

ஜூன் 8

என்னையும் விடவில்லை. அந்த ஐம்பது கேள்வியையும் கேட்டுக் கேட்டுப் போனில் தட்டினாள். "பாட்டி! உனக்கு என்னைவிட மார்க் அதிகம்!" பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் வராத முதல் மார்க். சிரித்தேன். அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூன் 12

போன் போதாதாம். டாக்டர் எழுதித் தர வேண்டுமாம். "சின்ன வயசுல நான் எப்படி இருந்தேன்னு வீட்ல ஒருத்தர் வந்து சொல்லணும். அம்மா அப்ப ஷிப்டுக்குப் போயிட்டிருந்தா. உனக்குத்தான் ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கே. புதன்கிழமை வந்துடு."

காயாத துணியைக் கொடியிலிருந்து எடுக்கப் போய்விட்டேன்.

ஜூன் 14

எழுதித்தான் ஆக வேண்டும். எனக்குப் பதினொன்று, தம்பிக்கு ஏழு. அம்மாவுக்குக் காது கேட்காது. அதனால் டாக்டர் என்னைக் கேட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பானா? மாட்டான். சோடா மூடிகளை என்ன செய்வான்? வரிசையாக அடுக்குவான். கலைத்தால்? சுவரில் தலையை முட்டுவான். "கெட்டிக்காரப் பொண்ணு" என்று என்னைத் தட்டிக்கொடுத்தார். ஒரு தாளில் ஏதோ ஒரு பேரை எழுதினார். மறு வியாழன் பைத்தியக்கார ஆஸ்பத்திரி வண்டி வந்தது. ஒற்றைச் செருப்போடு ஏற்றினார்கள். மற்றது வாசலிலேயே கிடந்தது. நாலு வருஷம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. அங்கேயே இறந்துபோய்விட்டானாம்.

டாக்டரை, வண்டிக்காரனை, கையெழுத்துப் போட்ட பெரியப்பாவை, ஒருத்தரையும் விடாமல் அறுபது வருஷமாகத் திட்டுகிறேன். சொன்னது யார்?

ஜூன் 18, புதன்

போனோம். "சின்ன வயசுல பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டாள். அதே கேள்வி. அதே!

"ஞாபகமில்லம்மா. வயசாயிடுச்சு." எல்லாவற்றுக்கும் அதையே சொன்னேன்.

பஸ்ஸில் பேத்தி ஜன்னலைப் பார்த்தபடி, "அம்மா உன் கண்ணாடியை மிதிச்ச தேதி ஞாபகம் இருக்கு. என்னை மட்டும் மறந்துட்ட" என்றாள்.

ஜூன் 19

பேத்தி என்னிடம் சொல்லாமலே டிப்போவுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஜூன் 20

தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். கதவுக்கு வெளியே நின்றேன். ஒட்டுக்கேட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. போனில் யாரிடமோ, "டிப்போல எனக்கு மரக்கட்டைன்னு பேர். நான் திமிர் பிடிச்சவ இல்லன்னு எனக்காவது தெரியணும்" என்கிறாள்.

என்னிடம் சொல்லவே இல்லையே. ஏற்கெனவே ஒரு பேர் குத்திவிட்டார்களா?

ஜூன் 21

கதவைத் தட்டித் தம்பியைப் பற்றிச் சொன்னேன். இந்த வீட்டில் அவன் பேச்சை நான் எடுத்ததே இல்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், பிரித்தாள். கடைசியில், "மூடியை எந்த வரிசைல அடுக்குவார்?" என்று மட்டும் கேட்டாள்.

இதை யாரும் கேட்டதில்லை. சிவப்பு முதலில், அப்புறம் பச்சை, நெளிந்ததெல்லாம் கடைசியில்.

ஜூன் 25, புதன்

மறுபடி போனோம். டாக்டரம்மா வாயைத் திறக்குமுன் நானே கேட்டேன்: "நான் சொன்னா, சாயங்காலம் இவ என்கூட வீட்டுக்கு வருவாளா?"

அவள் சிரிக்கவில்லை. "வருவாங்கம்மா. இங்க படுக்கையே கிடையாது."

எழுந்து போய் உள்ளறையை எட்டிப் பார்த்தேன். இல்லைதான். வந்து உட்கார்ந்து ஒன்றேகால் மணி நேரம் சொன்னேன். கூப்பிட்டால் திரும்பாததிலிருந்து எல்லாம். அந்தப் பேரை இப்போது எழுதுவதே இல்லையாம், ஆட்டிசம் என்று வேறு பேராம். அதுவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இரண்டு வாரத்தில் சொல்வார்களாம். பேத்தி தலையாட்டினாள்.

மணி ஐந்து நாற்பது. வீட்டுக்கு வந்துவிட்டோம். வாசலில் அவள் செருப்பு இரண்டும் இருக்கிறது. இப்போதுதான் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.